அக்யூரசியா, பிரிசிஷனா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

அளந்து வந்த எண் உண்மையான மதிப்புக்கு எவ்வளவு அருகில் நிற்கிறது என்பது அக்யூரசி. அதே பொருளைத் திரும்பத் திரும்ப அளந்தால் வரும் எண்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு அருகில் நிற்கின்றன என்பது பிரிசிஷன்.

இதன் விளைவாக வரும் ஒரு விஷயத்தைப் பெரும்பாலான விளக்கங்கள் சொல்லாமல் விட்டுவிடுகின்றன. பிரிசிஷனை அறிய அளந்த எண்களே போதும். பத்து முறை அளந்து அவை எவ்வளவு சிதறுகின்றன என்று பார்த்தால் தெரிந்துவிடும். அக்யூரசியை அந்த எண்களிலிருந்து அறியவே முடியாது, எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் சரி. அதற்கு ஏற்கெனவே மதிப்பு தெரிந்த ஒன்று வெளியிலிருந்து வரவேண்டும். எண்கள் ஒத்துப்போவதைப் பார்த்து, சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடுவதுதான் இந்த இரண்டு சொற்களைச் சுற்றி நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர்.

சாதாரண ஆங்கிலப் பேச்சிலும் இந்த வேறுபாடு உண்டா?

உண்டு, ஆனால் தளர்வாக. நடந்ததை நடந்தபடி சொல்லும் செய்தி 'அக்யூரேட்'. நாள், நேரம், அளவு எல்லாவற்றையும் விடாமல் குறிப்பிடும் செய்தி 'பிரிசைஸ்'. கடல்மட்டத்தில் தூய நீர் 90 முதல் 110 டிகிரி செல்சியஸுக்குள் கொதிக்கும் என்பது அக்யூரேட்டான கூற்று, பிரிசைஸ் அல்ல. 96.384 டிகிரியில் கொதிக்கும் என்பது மிகவும் பிரிசைஸ், முற்றிலும் தவறு. பொய் சொல்கிறவர்கள் இதை நன்றாகவே அறிவார்கள்: 'சுமார் முந்நூறு' என்பதைவிட '307' என்பது நம்பும்படியாக இருக்கும்.

மொழிபெயர்ப்பைப் பாராட்ட 'அக்யூரேட்' என்பார்கள். சட்ட வாசகத்தில் சொற்கள் பொறுக்கி வைக்கப்பட்டிருந்தால் 'பிரிசைஸ்' என்பார்கள். 'அதேதான்!' என்று ஆமோதிக்க 'பிரிசைஸ்லி' என்று தனிச்சொல்லாகச் சொல்லலாம். அந்த இடத்தில் 'அக்யூரேட்லி' வராது. பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு விவரத்தை இன்னும் இறுக்கிச் சொல்ல 'டு பி பிரிசைஸ்' என்று தொடங்குவதும் இதே காரணத்தால்தான். முன்பு சொன்னது தவறு என்று அதற்குப் பொருள் இல்லை, போதுமான அளவு குறுக்கிச் சொல்லவில்லை என்றே பொருள்.

சொற்களின் பிறப்பும் இதற்கு ஒத்துப்போகிறது. அக்யூரேட் லத்தீனின் 'கூரா' என்ற சொல்லிலிருந்து வந்தது. அக்கறை, கவனம் என்று பொருள். பிரிசைஸ் 'வெட்டிக் குறைத்தல்' என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து வந்தது.

ஒன்று இருந்தால் மற்றதும் இருக்குமா?

இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. சரியாக 100 கிராம் உள்ள எடைக்கல்லை இரண்டு எலக்ட்ரானிக் தராசுகளில் ஐந்தைந்து முறை வைத்துப் பார்ப்பதாகக் கொள்வோம்.

முதல் தராசு: 101.2, 101.3, 101.2, 101.1, 101.2
இரண்டாம் தராசு: 98.6, 101.5, 99.9, 100.8, 99.2

முதலாவதன் சராசரி 101.2, திட்ட விலக்கம் (எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு) 0.07 கிராம். எண்கள் ஒட்டி நிற்கின்றன, ஆனால் எல்லாமே 1.2 கிராம் கூடுதல். இரண்டாவதன் சராசரி 100.0, திட்ட விலக்கம் 1.17. சராசரி சரியாக இருக்கிறது, ஆனால் ஒரேயொரு முறை அளந்துவிட்டுப் போகிறவருக்கு 98.6 கிடைக்குமா 101.5 கிடைக்குமா என்பது அவர் அதிர்ஷ்டம்.

ஆக, பிரிசிஷன் இருப்பதால் அக்யூரசி வந்துவிடாது. ஆனால் பிரிசிஷன் இல்லாவிட்டால் *ஒற்றை அளவீட்டின்* அக்யூரசியை நம்ப முடியாது. இந்தத் தொடர்பு ஒருவழிப்பட்டது.

அப்படியானால் எந்தத் தராசை வாங்குவது?

கையில் நம்பகமான எடைக்கல் இருந்தால், தயங்காமல் முதலாவதை.

முதல் தராசின் பிழை முறைசார் பிழை. எப்போதும் ஒரே பக்கம், ஒரே அளவு. எவ்வளவு என்று தெரிந்தால் கழித்துவிடலாம். இரண்டாவதன் பிழை தற்செயல் பிழை. கழிப்பதற்கு அங்கே எதுவும் இல்லை. பலமுறை அளந்து சராசரி எடுப்பதுதான் வழி. அதிலும் ஒரு சிக்கல்: சராசரியின் சிதறல், அளந்த எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால்தான் குறையும். நான்கு முறை அளந்தால் பாதியாகும், நூறு முறை அளந்தால் பத்தில் ஒன்றாகும். இரண்டாம் தராசின் 1.17-ஐ முதல் தராசின் 0.07 அளவுக்கு இறக்க 275 முறை அளக்கவேண்டும். யாரும் செய்யமாட்டார்கள்.

எடைக்கல் இல்லை, திருத்த வழியும் இல்லை என்றால் தீர்ப்பு மாறலாம். முதல் தராசு எத்தனை முறை அளந்தாலும் அதே தவறை நிதானமாகச் சொல்லிக்கொண்டிருக்கும். எடை மாறுகிறதா இல்லையா என்று மட்டும் பார்க்கவேண்டியிருந்தால் அது பரவாயில்லை. 1.2 கிராம் இரண்டு அளவீட்டிலும் இருப்பதால் கழிக்கும்போது போய்விடும். மருந்து நிறுக்க அதைப் பயன்படுத்தக் கூடாது.

இலக்குப் பலகைப் படத்தை எல்லாப் பாடப்புத்தகமும் போடுகிறதே, அது சரிதானா?

நடுப்புள்ளியைச் சுற்றி அம்புகள் குத்தியிருக்கும் அந்த நான்கு படங்கள் வேறுபாட்டை நினைவில் வைக்க உதவும். ஆனால் மிக முக்கியமான இடத்தில் தவறான எண்ணத்தைத் தருகின்றன. படத்தில் நடுப்புள்ளி நம் கண்முன் இருக்கிறது. உண்மையான அளவீட்டில் இருப்பதில்லை. ஓர் இடத்தில் குவிந்து கிடக்கும் அம்புகள் மட்டும்தான் தெரியும், பலகையில் வட்டங்களே கிடையாது. அந்தக் குவியல் எங்கே இருக்கவேண்டும் என்று சொல்ல வேறொருவர் வரவேண்டும்.

அறிவியலாளர்களே இதில் தவறியிருக்கிறார்களா?

புகழ்பெற்ற இடங்களிலேயே.

ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி 1990 ஏப்ரலில் ஏவப்பட்டது. அதன் 2.4 மீட்டர் கண்ணாடி அபாரமான நுணுக்கத்தோடு தேய்த்து மெருகேற்றப்பட்டது, தவறான வடிவத்துக்கு. விளிம்பு சுமார் 2.2 மைக்ரோமீட்டர் கூடுதலாகத் தட்டையாகிவிட்டது. கண்ணாடியின் வடிவத்தைச் சோதிக்கும் ஒளியியல் கருவியில் ஒரு லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் இடம்மாறிப் பொருத்தப்பட்டிருந்ததே காரணம். அந்தக் கருவி ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைச் சொன்னது, எனவே நம்பினார்கள். வேறு இரண்டு சோதனைக் கருவிகள் பிழை இருப்பதைக் காட்டத்தான் செய்தன. அவை அந்தக் கருவியின் தரத்துக்கு வராதவை என்று ஒதுக்கப்பட்டன. வெளியிலிருந்து வந்த சாட்சியை உள்ளே இருந்த ஒழுங்கை நம்பித் தள்ளிவிட்டார்கள்.

பிழை ஒழுங்கானது என்பதே பிறகு கைகொடுத்தது. எவ்வளவு, எந்தப் பக்கம் என்று கணக்கிட முடிந்ததால், அதற்கு நேரெதிரான பிழை கொண்ட ஒளியியல் பாகங்களைச் செய்து 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் பொருத்தினார்கள். படம் தெளிந்தது. மேற்பரப்பு தாறுமாறாக இருந்திருந்தால் இப்படித் திருத்தியிருக்க முடியாது.

ராபர்ட் மில்லிகன் எண்ணெய்த் துளிச் சோதனையில் எலக்ட்ரானின் மின்னூட்டத்தை அளந்து 1913-இல் வெளியிட்ட மதிப்பு, இன்றைய அலகில் சொன்னால் 1.592 × 10⁻¹⁹ கூலும். இன்று ஏற்கப்பட்டது 1.602 × 10⁻¹⁹. சுமார் 0.6 சதவீதம் குறைவு. துளிகளின் அளவீடுகள் ஒன்றோடொன்று நன்றாகவே ஒத்துப்போயின. கணக்கில் எடுத்துக்கொண்ட காற்றின் பாகுநிலை மதிப்பு தவறு என்பதால் எல்லாத் துளிகளும் சேர்ந்தே விலகின. இன்னும் ஆயிரம் துளிகளை அளந்திருந்தாலும் அந்த 0.6 சதவீதம் அசைந்திருக்காது.

'ட்ரூனெஸ்' என்று மூன்றாவது சொல் ஒன்றும் வருகிறதே?

இங்கேதான் பாடப்புத்தகமும் ஆய்வகமும் பிரிகின்றன. பழைய வழக்கில் சராசரி உண்மைக்கு அருகில் இருந்தாலே 'அக்யூரேட்' என்றார்கள். சர்வதேசத் தரநிலை அமைப்பான ஐஎஸ்ஓவின் 5725 தரநிலை (முதல் பகுதி 1994-இல் வந்தது) அந்தப் பொருளுக்கு 'ட்ரூனெஸ்' என்று தனிப்பெயர் கொடுத்தது. அக்யூரசி என்பதை ட்ரூனெஸ், பிரிசிஷன் இரண்டையும் உள்ளடக்கிய பொதுச்சொல்லாக ஆக்கியது.

எனவே நம் இரண்டாம் தராசைப் பழைய வழக்கில் 'அக்யூரேட், ஆனால் பிரிசைஸ் அல்ல' என்று எழுதலாம். ஐஎஸ்ஓ வழக்கில் அப்படி எழுதினால் முரண்பாடு. ட்ரூனெஸ் நன்று, பிரிசிஷன் மோசம், ஆகவே அக்யூரசியும் மோசம் என்றுதான் எழுதவேண்டும். தேர்வு எழுதுகிறவர் தம் பாடப்புத்தகம் எந்த வழக்கைப் பின்பற்றுகிறதோ அதையே பின்பற்றுவது நல்லது. ஆய்வக அறிக்கை எழுதுகிறவர் ஐஎஸ்ஓ வழக்குக்கு மாறிவிடுவதே எங்கள் பரிந்துரை, குழப்பம் குறையும்.

கருவியின் திரையில் அதிக தசம இலக்கங்கள் தெரிந்தால் அக்யூரசி அதிகமா?

இல்லை. அது ரெசல்யூஷன், பள்ளிப் பாடத்தில் மீச்சிற்றளவு. கருவி பிரித்துக் காட்டக்கூடிய மிகச்சிறிய படி, அவ்வளவுதான். பிரிசிஷன்கூட அல்ல: கடைசி இலக்கம் ஒவ்வொரு முறையும் துள்ளிக்கொண்டே இருக்கலாம்.

டிஎஸ்18பி20 என்ற பரவலான வெப்பநிலை சென்சார் 12 பிட் அமைப்பில் 0.0625 டிகிரி படிகளில் எண் தருகிறது. அதன் விவரத்தாள் உறுதியளிப்பதோ, −10 முதல் 85 டிகிரி வரை, ±0.5 டிகிரி மட்டுமே. 0.5 என்பது எட்டுப் படிகள். திரையில் 24.8125 என்று வந்தாலும் உண்மை வெப்பநிலை 24.3-க்கும் 25.3-க்கும் இடையில் எங்கும் இருக்கலாம்.

வரைபடச் செயலிகளும் இப்படித்தான். அட்சரேகையில் ஆறாவது தசம இலக்கம் தரையில் சுமார் 11 சென்டிமீட்டர். திறந்த வானத்தின்கீழ் கைபேசியின் ஜிபிஎஸ் பொதுவாக 5 மீட்டர் அளவில்தான் சரியாக இருக்கும். நான்காவது, ஐந்தாவது இலக்கத்துக்குப் பிறகு வருவது அலங்காரம்.

விடையில் எத்தனை இலக்கங்கள் எழுதுவது?

சிதறல் எந்த இலக்கத்தில் தொடங்குகிறதோ அதோடு நிறுத்துங்கள். சராசரி 101.2437 என்று கணிப்பான் காட்டினாலும், திட்ட விலக்கம் 0.07 என்றால் 101.24 ± 0.07 போதும்.

அலகு மாற்றும்போது இது வழுக்கும். உடல் வெப்பநிலை 98.6 டிகிரி ஃபாரன்ஹீட் என்ற எண்ணைப் பாருங்கள். ஜெர்மன் மருத்துவர் வுண்டர்லிச் 1868-இல் வெளியிட்ட 37 டிகிரி செல்சியஸ் என்பதன் நேர்மாற்றம் அது. முழு டிகிரிக்குச் சரி செய்த 37 என்றால் 36.5 முதல் 37.5 வரை எதுவும் அடங்கும். ஃபாரன்ஹீட்டில் அது 97.7 முதல் 99.5. பெருக்கல் கணக்கு ஒரு தசம இலக்கத்தைச் சும்மா சேர்த்துவிட்டது. அதைப் பார்த்து 99 வந்தவுடன் காய்ச்சல் என்று பதறுகிறவர்கள் உண்டு.

என் தராசைச் சோதிப்பது எப்படி?

முதலில் பிரிசிஷன், ஏனெனில் அதற்கு எடைக்கல்கூட வேண்டாம், மாறாத எந்தப் பொருளும் போதும். தராசை ஆட்டமில்லாத சமதளத்தில் வைத்து, அறை வெப்பநிலைக்கு வரவிட்டு, தயாரிப்பாளர் சொல்லும் நேரம் சூடாகவிடுங்கள். பொருளைத் தட்டின் நடுவில் வைத்து எண்ணைக் குறித்து, முழுவதும் எடுத்து, பூஜ்யம் வந்தபின் மறுபடி வையுங்கள். பத்து முறை. எடுக்காமல் வைத்தபடியே திரையைப் பத்து முறை பார்த்து எழுதுவது சோதனை ஆகாது. அப்படிச் செய்தால் பொய்யான ஒழுங்குதான் கிடைக்கும்.

பிறகு அக்யூரசி. மதிப்பு தெரிந்த எடைக்கல் வேண்டும். அதன் நிச்சயமின்மை, தராசிடம் நீங்கள் எதிர்பார்க்கும் பிழை எல்லையில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது தொழில்வழக்கு. ±0.4 கிராம் வேண்டுமென்றால் ±0.1 கிராமுக்குள் உறுதியான எடைக்கல்.

ஒரே புள்ளியில் சோதித்துவிட்டு நிறுத்தாதீர்கள். 100 கிராமுக்கு 101.2 காட்டினால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். 50 கிராமை வைத்துப் பாருங்கள். 51.2 வந்தால் சுழிப்பிழை, எல்லா எடையிலும் 1.2-ஐக் கழிக்கலாம். 50.6 வந்தால் விகிதப் பிழை, 1.012-ஆல் வகுக்கவேண்டும். முதலாவது என்று நினைத்து 500 கிராமில் 1.2 கழித்தால், உண்மையில் இருந்த 6 கிராம் பிழையில் 4.8 அப்படியே நிற்கும். இரண்டுக்கும் பொருந்தாத எண் வந்தால் மூன்றாம் புள்ளியிலும் சோதியுங்கள், கோடு வளைந்திருக்கலாம்.

சோதனையைக் கெடுப்பவை: மின்விசிறிக் காற்று, தீரும் நிலையிலுள்ள பேட்டரி, பொருளைத் தட்டின் ஓரத்தில் வைப்பது. அதிகம் கவனிக்கப்படாத இன்னொன்று தானியங்கி பூஜ்யத் திருத்தம். பல தராசுகள் பூஜ்யத்தின் அருகே மெல்ல நகரும் எண்ணைப் பிழையென்று கருதித் திரும்பப் பூஜ்யமாக்கிவிடும். மாவைச் சிட்டிகை சிட்டிகையாகக் கொட்டினால் திரை அசையாமல் இருப்பது அதனால்தான். கொஞ்சம் கனமான பாத்திரத்தை வைத்து, பூஜ்யமாக்காமல், வித்தியாசத்தைக் கணக்கிடுங்கள்.

ரிப்பீட்டபிலிட்டி, ரிப்ரொட்யூசிபிலிட்டி இரண்டும் பிரிசிஷன்தானா?

ஆம், அதன் இரு முனைகள். ஒரே ஆள், ஒரே கருவி, ஒரே இடம், குறுகிய நேரம் என்றால் முதலாவது. ஆளும் கருவியும் ஆய்வகமும் மாறினால் இரண்டாவது. சிதறல் இரண்டாவதில் பெரும்பாலும் கூடும். முதலாவதன் திட்ட விலக்கத்தை 2.8-ஆல் பெருக்கினால் ஒரு நடைமுறை எல்லை கிடைக்கும்: அடுத்தடுத்த இரண்டு அளவீடுகளின் வித்தியாசம் சுமார் 95 சதவீத நேரம் அதற்குள் இருக்கும். நம் முதல் தராசுக்கு அது 0.2 கிராம். அதைத் தாண்டினால் எதையோ தவறாகச் செய்திருக்கிறோம் என்று சந்தேகிக்கலாம்.

மெஷின் லேர்னிங்கில் இதே சொற்கள் வேறு பொருளில் வருகின்றனவே?

அங்கே பிரிசிஷன் என்பதற்கும் சிதறலுக்கும் தொடர்பே இல்லை. பெயர் மட்டும்தான் ஒன்று.

1,000 மின்னஞ்சல்கள், அவற்றில் 20 ஸ்பேம். வடிகட்டி 25 அஞ்சல்களை ஸ்பேம் என்கிறது. அவற்றில் 15 உண்மையிலேயே ஸ்பேம், 10 நல்ல அஞ்சல்கள். 5 ஸ்பேம் தப்பிவிட்டது. அக்யூரசி என்பது எல்லா முடிவுகளிலும் சரியானவற்றின் பங்கு: 15 + 970 = 985, அதாவது 98.5 சதவீதம். பிரிசிஷன் என்பது 'ஸ்பேம்' என்று சொன்னவற்றில் உண்மையானவற்றின் பங்கு: 25-இல் 15, அதாவது 60 சதவீதம்.

இப்போது எதையுமே ஸ்பேம் என்று சொல்லாத ஒரு சோம்பேறி வடிகட்டியை வையுங்கள். அதன் அக்யூரசி 98 சதவீதம்! தேடும் பொருள் அரிதாக இருக்கும் இடத்தில் அக்யூரசியை மட்டும் விளம்பரப்படுத்துகிறவரை நம்பவேண்டாம். பிரிசிஷனையும், 20-இல் எத்தனை பிடிபட்டது என்று சொல்லும் ரீகாலையும் (இங்கே 75 சதவீதம்) கேளுங்கள்.

நிரலில் வரும் 'டபுள் பிரிசிஷன்'?

அது மூன்றாவது பொருள்: எண்ணைச் சேமிக்க எத்தனை இலக்கங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன என்பது. 32 பிட் ஒற்றை வகையில் சுமார் 7 தசம இலக்கங்கள், 64 பிட் இரட்டை வகையில் 15 முதல் 16. இலக்கங்கள் கூடியதால் விடை சரியாகிவிடாது, தவறான சூத்திரம் 16 இலக்கத்திலும் தவறுதான்.

ஆனால் இலக்கங்கள் போதாமல் போனால் அது அக்யூரசியைக் கெடுக்கும். 1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தாஹ்ரானில் பேட்ரியட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு தவறியது இதனால்தான். அது நேரத்தைப் பத்தில் ஒரு விநாடிகளாக எண்ணியது. இரும எண்முறையில் 0.1 முடிவில்லாமல் நீளும், அதை 24 பிட்டில் வெட்டியதால் ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் சுமார் ஒரு கோடியில் ஒரு பங்கு விநாடி குறைந்தது. 100 மணி நேரம் அணைக்காமல் ஓடியதில் அது 0.34 விநாடியாகத் திரண்டது. அதற்குள் வரும் ஏவுகணை அரை கிலோமீட்டருக்கு மேல் கடந்துவிடும். 28 படைவீரர்கள் இறந்தார்கள்.

விவரத்தாளில் '±(0.5% + 2 டிஜிட்)' என்று எழுதியிருப்பதை எப்படிப் படிப்பது?

மல்டிமீட்டர்களில் வரும் அக்யூரசி உறுதி இது. முதல் பகுதி காட்டும் எண்ணைச் சார்ந்தது, இரண்டாவது கடைசி இலக்கத்தைச் சார்ந்தது. 0.1 வோல்ட் படியுள்ள வரம்பில் 120.0 வந்தால் 0.6 + 0.2, அதாவது ±0.8 வோல்ட். அதே வரம்பில் 2.0 வோல்ட்டை அளந்தால் 0.01 + 0.2, அதாவது ±0.21. பிழை பத்து சதவீதத்தைத் தாண்டிவிட்டது. சிறிய மதிப்பை அளக்கும்போது வரம்பைக் கீழே இறக்கவேண்டும் என்பது இதனால்தான். இந்த உறுதி காலிபரேஷன் (மதிப்பு தெரிந்த ஒன்றோடு ஒப்பிட்டுக் கருவியைச் சரிபார்ப்பது) செய்த நாளிலிருந்து குறிப்பிட்ட காலத்துக்கும், குறிப்பிட்ட வெப்பநிலை எல்லைக்கும் மட்டுமே செல்லும். அவ்விரண்டும் தாளின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும்.